வாவிக்கரையில் ஒரு மாணாக்கர்: மட்டக்களப்பில் மிசனரிமாரின் தமிழ்க்கல்வி பற்றிய ஒரு மறுநோக்கு

1. பிரச்சினை

ஐரோப்பியப் பாதிரிமார் தமிழுக்கு ஆற்றிய பணியை எடுத்துரைக்கும் நூல்களும் கட்டுரைகளும் தமிழிற் பல உள. அவற்றின் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றே. முதலிற் பாதிரியாரின் பிறப்பும் கல்வியும் கூறப்படும். அடுத்து அவர் தமிழகத்துக்கோ ஈழத்துக்கோ வந்து சேர்ந்தமை கூறப்படும். அதன்பின் அவர் யாத்த இலக்கணம், தொகுத்த அகராதி, பெயர்த்த வேதாகமம் என்பனவற்றின் பட்டியல் தொடரும். கரையிறங்கிய நாளுக்கும் நூல் அச்சேறிய நாளுக்கும் இடைப்பட்ட காலம், அவர் சின்னாளில் தமிழைக் கற்றுத் தேர்ந்தார் என்னும் ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடும். கற்பித்தவர் யார், கற்பிக்கப்பட்டது எந்தத் தமிழ், கற்றவர் எதைக் கேட்டார், எதைக் கேளாது விட்டார் என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை.

இதற்கு மாறான நோக்கு ஒன்றும் அண்மைக் காலத்து ஆய்வுகளில் வலுப்பெற்றுள்ளது. பாதிரிமாரின் மொழிக்கல்வி மதமாற்றத்துக்கும் அந்நிய ஆட்சிக்கும் துணைக்கருவியாய் அமைந்தது என்பது அந்நோக்கு. அதில் உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் புகழ்வோரும் இகழ்வோரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இரு சாராரும் முடிந்த பொருளையே நோக்குகின்றனர், தொடக்கத்தை நோக்குவதில்லை. மொழி அறியாத ஒருவர் அம்மொழி பேசுவோர் நடுவே நிற்கும் முதல் நாள்களில், அவர் எத்துணை அதிகாரத்தின் துணையோடு வந்தவராயினும், மாணாக்கரே. அவருக்குச் சொல் கற்பிக்கும் தோணிக்காரனும் சமையற்காரனும் பள்ளிச் சிறுவனும் அந்நேரத்தில் ஆசிரியர்கள். இவ்வுறவு எவ்வளவு காலம் நீடித்தது, எப்பொழுது தலைகீழாய் மாறியது என்பதை அறியாது அப்பணியை மதிப்பிடுதல் நிறைவுடையதாகாது.

இவ்வினாவை ஆராய்தற்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நாம் தேர்ந்துகொள்கின்றோம். தரங்கம்பாடி, மதுரை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் ஆகிய களங்களோடு ஒப்பிடுகையில், பாதிரிமார் தமிழ்ப்பணி வரலாற்றில் மட்டக்களப்புக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. புகழ்பெற்ற இலக்கணமோ அகராதியோ இங்குத் தோன்றாமையே அதற்குக் காரணம். ஏன் தோன்றவில்லை என்பதே நமது வினா.

2. 1814: புளியந்தீவில் ஒருவர்

1813 டிசம்பர் இறுதியிற் போட்ஸ்மௌத் துறையிலிருந்து வெஸ்லியன் மெதடிஸ்த சபையின் மிசனரிமார் சிலர் கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் இலங்கை நோக்கிப் புறப்பட்டனர். அவருள் ஒருவர் வில்லியம் ஓல்ட். கடற்பயணத்திலேயே அவர் தம் மனைவியை இழந்தார். 1814 மே 3ஆம் நாள் கோக்கும் கப்பலில் இறந்தார். தலைவரை இழந்த இளைஞர் பம்பாய் வழியாக அவ்வாண்டு சூன் இறுதியிற் காலித் துறையை அடைந்தனர்.

அடுத்த மாதம் காலியிற் கூடி அவர்கள் தமக்குள் பணித்தளங்களைப் பகிர்ந்துகொண்டனர். யேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், ஓல்ட் மட்டக்களப்புக்கும், ஜோர்ஜ் எர்ஸ்கின் மாத்தறைக்கும், பெஞ்சமின் கிளஃப் காலிக்கும் உரியவராயினர். ஊர்ப் பங்கீடு போலத் தோன்றும் இது உண்மையில் மொழிப் பங்கீடாகும். எவர் தமிழ் கற்பார், எவர் சிங்களம் கற்பார் என்பது அன்று அவர்கள் எம்மொழியையும் அறியாத நிலையிலேயே முடிவாயிற்று.

அக்காலத்தில் மட்டக்களப்பு நகர் என்பது பெரும்பாலும் புளியந்தீவே. போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றி, ஆங்கிலேயர் 1795இல் தமதாக்கிய கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு குடியிருப்பும் அங்கிருந்தன. கண்டி இராச்சியம் அப்பொழுது வீழ்ந்திலது. ஓல்ட் அங்குத் தனியராய் வந்து சேர்ந்தார். எட்டு மாதங்களுள் எட்டுப் பள்ளிகளை அவர் நிறுவினார் என்பது மட்டக்களப்பில் வழங்கிவரும் மரபு. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1814ஆம் ஆண்டிலிருந்தே கணிக்கின்றது. 1815 ஏப்பிரல் 1ஆம் நாள் ஓல்ட் மட்டக்களப்பிலேயே இறந்தார். அவருக்கு அந்நகரிற் சிலை உண்டு.

இவ்வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் அதே குழுவைச் சேர்ந்த வில்லியம் மார்ட்டின் ஹாவார்ட். இலங்கை, இந்திய மிசனின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் கூறும் அவரது நூல் 1823இல் இலண்டனில் வெளிவந்தது. அதனைப் பயன்படுத்தும் ஆய்வாளர் ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். ஹாவார்டின் களம் கொழும்பு. அவர் இலங்கையை அடைந்த காலம் ஓல்டின் வாழ்நாளின் இறுதிக்கு மிக அண்மையது. ஆதலின் மட்டக்களப்பின் அந்த எட்டு மாதங்களை அவர் உடனிருந்து கண்டவரல்லர். மேலும் அந்நூல் இங்கிலாந்தில் மிசனுக்கு ஆதரவளித்த வாசகரை நோக்கியது. அத்தகைய வாசகர் அறிய விரும்பியவை கடற்பயணத்தின் இடர், முதற் பிரசங்கம், திறக்கப்பட்ட பள்ளிகள், இறந்தவரின் பத்தி ஆகியனவே. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறிய மாணாக்கரின் கதை அவ்வகை நூலுக்குப் பொருளாவதில்லை. மிசன் வரலாறு என்னும் இலக்கிய வகையின் எல்லை இது. ஹாவார்ட் ஒருவரின் குறையன்று.

3. கல்லூரி இருந்த இடமும் இல்லாத இடமும்

ஓல்ட் மட்டக்களப்புக்கு வருவதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1812இல், சென்னையிற் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் இளம் உத்தியோகத்தர் தென்னாட்டு மொழிகளைக் கற்பதற்கென அமைந்தது அது. எல்லிஸ் துரை அதன் உயிர்நாடியாய் விளங்கினார். தமிழ்ப் புலவர் பலர் அங்கு ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தனர். கல்லூரியின் பாடத்தேவையை ஒட்டியே தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர மொழிபெயர்ப்பு 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடை வரலாற்றில் அக்கல்லூரிக்கு உள்ள இடம் நாம் அறிந்ததே.

இங்கு ஓர் அமைப்பை அவதானிக்கலாம். அக்கல்லூரியில் வெள்ளையர் மாணாக்கர், தமிழர் ஆசிரியர். அவ்வுறவு நிறுவன வடிவம் பெற்றிருந்தது. ஆசிரியர் பெயர் ஏட்டில் இருந்தது; அவர் எழுதிய நூல் அச்சிற் பெயரோடு வந்தது. ஆட்சியின் பொருட்டு அமைந்த ஒழுங்காயினும், கற்பித்தவரை மறைக்காத ஒழுங்கு அது.

தரங்கம்பாடியிற் கல்லூரி இல்லை. எனினும் 1706 சூலையில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, முதிய கணக்காயர் ஒருவரின் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். போர்த்துக்கேயம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் அவருக்குத் துபாசியாய் உதவினான். சீகன்பால்குவின் கடிதங்கள் வாயிலாக அழகப்பனின் பெயர் நமக்குக் கிட்டியுள்ளது. மணலில் விரலால் எழுதிய அவர் பத்தாண்டுக்குள், 1716இல், இலத்தீன் வழியாகத் தமிழ் இலக்கணம் ஒன்றை ஹாலே நகரில் அச்சிடுவித்தார்.

மட்டக்களப்பில் இவ்விரண்டு நிலைகளும் வாய்த்தில. தனியொருவரே அனுப்பப்பட்டமையின் உடன்பயிலுவார் இலர். அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தேசாதிபதி பிறவுன்றிக் அம்மிசனரிமாரிடம் எதிர்பார்த்த பணி முதன்மை நகரங்களில் ஆங்கிலம் கற்பித்தலாகும். அதற்கு அரசின் உதவிப்பணமும் வழங்கப்படுவதாயிற்று. ஆகவே தமிழ் கற்க வேண்டியவர் வந்த உடனேயே ஆங்கில ஆசிரியராக அமர்த்தப்பட்டார். எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளி என்னும் மரபு இந்நோக்கில் இருவேறு பொருள் தருகின்றது. அதனை ஓல்டின் அயராத உழைப்புக்குச் சான்றாகக் கொள்ளலாம். மாணாக்கராய் இருத்தற்கு அவருக்குக் கால அவகாசம் அளிக்கப்படவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

அவரோடு ஒரே குழுவில் வந்த கிளஃபை இங்கு ஒப்புநோக்கலாம். காலியிற் பணிதொடங்கிய கிளஃப் நெடுநாள் வாழ்ந்து சிங்களம் பயின்றார். அவரது ஆங்கில - சிங்கள அகராதி 1821இலும் சிங்கள - ஆங்கிலப் பகுதி 1830இலும் வெளிவந்தன. இருவருக்கும் இடையே நின்ற வேறுபாடு ஆற்றலன்று, காலமே என்று கொள்ளுதல் பொருந்தும்.

4. வாவியின் தமிழ்

ஓல்டும் அவருக்குப் பின் வந்தோரும் மட்டக்களப்பில் எதிர்கொண்ட மொழி எத்தகையது? மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் இருகரைகளும் ஞாயிற்றின் போக்கை ஒட்டிப் பெயர் பெற்றன. கடலை அடுத்த கிழக்குக் கரை எழுவான்கரை. வயல்நிலம் விரிந்த மேற்குக் கரை படுவான்கரை. கிழக்கு, மேற்கு என்னும் பொதுச்சொற்களை மட்டும் பாடப் புத்தகத்திற் பயின்ற ஒருவருக்கு, தோணித் துறையில் முதல் நாள் கேட்கும் இவ்விரு சொற்களே புதியன.

புதிய சொற்களினும் இடர் தருவன, பழகிய வடிவில் வேறு பொருள் தாங்கும் சொற்கள். போடி என்பதனை எடுத்துக்கொள்வோம். பிற இடங்களில் அது பெண்ணை மரியாதையின்றி விலக்கும் ஏவல். மட்டக்களப்பில் அது நிலவுடைமையாளர்க்குரிய மரியாதைப் பெயர். போடியார் என்றே வழங்கும். இலக்கண நூலைக் கொண்டு இச்சொல்லைப் பகுத்துப் பொருள்கொள்ள முயலும் மாணாக்கர், ஊர்ப் பெரியவரை அழைப்பதா வைவதா என்று திகைக்க நேரும்.

குடி என்னுஞ் சொல்லும் அவ்வாறே. குடிமகன், குடியானவன், குடும்பம் என்னும் பொருள்களை அகராதி தரும். வாவிப் பிரதேசத்திற் குடி என்பது தாய்வழியாகத் தொடரும் மரபுக்குழுவைக் குறிக்கும். பிள்ளை தாயின் குடியைச் சேரும்; ஒரே குடியினர் தம்முள் மணஞ்செய்யார். குடியின் உட்பிரிவை வயிற்றுவார் என்பர். கோயில் உரிமையும் ஊர் மரியாதையும் இவ்வமைப்பை ஒட்டியே பகிரப்பட்டன. சொத்தும் பெண்வழியே இறங்கியமையை முக்குவர் வழமையைத் தொகுத்து 1876இல் வெளியிட்ட பிறிற்றோவின் நூல் காட்டும். தந்தைவழியையே முதன்மையாகக் கொண்ட குடும்ப முறையிலிருந்து வந்த ஒருவர், இச்சொற்களைக் கல்லாது அம்மக்களின் இல்வாழ்வைப் பற்றி ஒரு வாக்கியமும் பிழையறப் பேசல் இயலாது.

வயலுக்குச் சென்றால் வேறோர் உலகம். வேளாண்மை என்பது பழைய இலக்கியத்தில் உபகாரம், விருந்தோம்பல் என்னும் பொருளில் வருவது. படுவான்கரையில் அது வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கும். வேளாண்மை வெட்டுதல் என்றால் அறுவடை. அறுத்த கதிரின் கைப்பிடிகளைச் சேர்த்து வைப்பது உப்பட்டி. அவற்றைக் களத்திற் குவித்து அமைப்பது சூடு. அதனை எருமை கொண்டு மிதித்தல் சூடு மிதித்தல். சூடு என்றால் வெப்பம் என்று மட்டும் அறிந்தவர் இத்தொடரைக் கேட்டு யாது கருதுவார்? களத்தில் நெல்லை நெல் என்று கூறாது பொலி என்பர். வேலையாள்களுக்குத் தலைவன் முல்லைக்காரன். நீர்ப்பாய்ச்சலுக்குப் பொறுப்பாளர் வட்டவிதானை. கோயிலுக்கு வந்தால் அறங்காவலர் வண்ணக்கர். நாணயத்தின் தரம் நோக்குவோரைக் குறித்துச் சங்கப் புலவர் சிலர் பெயரில் முன்னொட்டாய் நிற்கும் சொல்லே இங்குக் கோயில் நிருவாகியைக் குறிக்கின்றது. கண்ணகி வழிபாட்டின் வைகாசிச் சடங்கைக் குளிர்த்தி என்பர்.

பேச்சின் நயத்தையும் நோக்குதல் வேண்டும். மகனே, மகளே என்னும் விளிகள் மனே என்று குறுகி அன்பு தோன்ற ஒலிக்கும். என்னகா, வாகா என்று கா ஈற்றில் நிற்கும். பிறகு, மறுபடி என்னும் இடங்களில் மறுகா வரும். திரும்பு என்பதற்குக் கிறுகு என்பர். காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் வாப்பா, உம்மா முதலிய தம் வழக்குகளோடு இதே தமிழைப் பேசுகின்றனர். தாய்வழிக் குடி அமைப்பு அவர்களிடையேயும் உண்டு. பறங்கியர் இல்லங்களிற் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி வழங்கியது. இன்றும் அது முற்றாக மறைந்திலது. 1814இல் வந்த ஐரோப்பியருக்கு எளிதிற் கிட்டிய வாயில் இக்கிரியோலே எனலாம். வெஸ்லியன் சபையாரே புதிய ஏற்பாட்டை இலங்கைப் போர்த்துக்கேயத்தில் அச்சிட்டமை அதன் பயன்பாட்டை உணர்த்தும். எளிய வாயில் இருந்தமை தமிழ் வாயிலுக்குச் செல்லும் தேவையைச் சிறிது தாமதப்படுத்தியிருத்தலும் கூடும்.

இவையனைத்தையும் திரட்டி நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். வாவிக்கரைச் சொற்கள் வெறும் ஒலிவேறுபாடுகள் அல்ல. அவை ஒரு சமூகத்தின் உறவு, உடைமை, உழைப்பு, வழிபாடு ஆகியவற்றின் பெயர்கள். அவற்றைக் கல்லாதார் அச்சமூகத்தைக் கல்லாதாரே ஆவர்.

5. நூலில்லாதவரின் செவி

இனி நமது மையக் கருத்துக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கேயத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் ஏறத்தாழ 1549ஆம் ஆண்டளவிலே தோன்றியது. யீன் ஹைன், வி. எஸ். ராஜம் இருவரும் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து 2013இல் வெளியிட்டுள்ளனர். அந்நூலின் தனிச்சிறப்பு யாது? மரபிலக்கணத்தின் வகைப்பாடுகளுக்குள் நில்லாமல், அக்கடற்கரை மக்களின் பேச்சில் தாம் கேட்டவற்றை அடிகளார் எழுதிவைத்தார். அவர் முன்னே ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்ட தமிழ் இலக்கணம் எதுவும் இருந்திலது. செவியே அவருக்கு நூல். ஆகவே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கடற்கரைத் தமிழின் தடயங்கள் நமக்குக் கிட்டின.

மட்டக்களப்புக்கு மிசனரிமார் வந்த காலம் வேறு. 1779இல் வேப்பேரியில் வெளிவந்த பப்ரிசியுசின் தமிழ் - ஆங்கில அகராதி முன்னரே இருந்தது. பெஸ்கி அடிகளாரின் கொடுந்தமிழ் இலக்கணம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு வளர வளர இரேனியசின் இலக்கணம், போப்பின் பாடநூல்கள், 1842இல் மானிப்பாயில் அச்சான அகராதி, 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி என அடுக்கடுக்காய்க் கருவிகள் பெருகின. வெஸ்லியன் மிசனின் நிருவாகமும் தமிழ்ப் பகுதியை ஒரே மாவட்டமாக அமைத்து மட்டக்களப்பை யாழ்ப்பாணத்தோடு இணைத்தது. ஆகவே வாவிக்கரையில் இறங்கிய இளைஞரின் கையிற் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆக்கப்பட்ட தமிழ் ஏற்கெனவே இருந்தது.

கையில் நூலிருப்பவர் செவியை இருவகையிற் பயன்படுத்தலாம். கேட்டதை நூலோடு சேர்த்து நூலை விரித்தல் ஒன்று. நூலை அளவுகோலாக்கிக் கேட்டதைப் பிழையென ஒதுக்குதல் மற்றொன்று. இரண்டாவது எளிது. பரீட்சைக்கு உதவுவதும் அதுவே. நூலில்லாது வந்தவர் ஒரு பிரதேசத்தின் தமிழைப் பதிவுசெய்தார். நூலோடு வந்தவர் அதனைத் திருத்தினார் என்று சுருங்கக் கூறலாம். மட்டக்களப்பின் பேச்சுக்கு மிசனரி இலக்கணம் ஒன்று தோன்றாமைக்கு ஓல்டின் அகால மரணம் ஒரு காரணமேயன்றி முழுக்காரணம் அன்று. அவருக்குப் பின் ஆண்டுபல வாழ்ந்தோர் இருந்தனர். 1940களில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த இயேசு சபையினருட் சிலர் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வாவிக்கரையிலே கழித்து அம்மக்களுள் ஒருவராயினர். பேசக் கற்றல் அவர்களுக்குக் கைகூடியது. பேசிய தமிழை எழுதத்தக்கதாய் மதித்தல் என்பது வேறு. அதற்கான கல்விச் சூழல் அமையவில்லை.

6. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். அச்சும் பள்ளியும் பரந்துபட்ட ஒரு பொதுத்தமிழை வேண்டின. அப்பொதுத்தமிழ் இன்றேல் மட்டக்களப்புச் சிறுவன் சென்னையில் அச்சான நூலைப் படித்திருக்க முடியுமா என்பது அம்மறுப்பு. இது வலுவுடையதே. காரைதீவிற் பிறந்து, கல்முனை மெதடிஸ்தப் பள்ளியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற விபுலாநந்த அடிகள், மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டமை அப்பொதுத்தமிழின் பயனன்றோ?

ஆம். ஆயினும் பொதுத்தமிழைக் கற்பித்தல் வேறு, பிரதேசத் தமிழைப் பிழையெனக் கற்பித்தல் வேறு. முன்னதற்குப் பின்னது இன்றியமையாததன்று. மிசனரிமாருள்ளும் இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் இருந்தனர். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த வெஸ்லியன் மிசனரியாகிய பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அவரே மக்கள் வாய்மொழியாகிய பழமொழிகளைத் திரட்டி வெளியிட்டார். 1874இல் வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. செம்மையான எழுத்துமொழியும் மக்களின் பேச்சும் ஒருவரிடத்தே மதிப்புப் பெறல் இயலும் என்பதற்கு இது சான்று. அத்தகைய ஒருவர் மட்டக்களப்புக்கு வாய்த்திலர்.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். மட்டக்களப்புப் பேச்சைத் தாழ்ந்ததெனக் கொள்ளுதற்கு மொழியியலிலும் ஆதாரம் இல்லை. ஈழத்துத் தமிழின் இயல்புகளை ஆராய்ந்து 1966இற் கட்டுரை வெளியிட்ட செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், மட்டக்களப்பு வழக்கு எழுத்துமொழிக்கு மிக நெருங்கியது என்னும் கருத்தினர். பிழையென ஒதுக்கப்பட்டதே பழமையைப் பேணியதாய் இருத்தல் வரலாற்றின் முரண்.

இவ்வழக்கை எழுத்திற் பதிவுசெய்யும் பணியை இறுதியில் மேற்கொண்டவர் அம்மண்ணின் மைந்தரே. வித்துவான் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. ஓல்ட் வந்திறங்கி நூற்றைம்பது ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. வந்த மாணாக்கர் எழுதாது விட்டதை, கற்பித்தோரின் வழித்தோன்றல்கள் எழுத நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

7. நிறைவுரை

இதுகாறுங் கூறியவற்றால் மூன்று முடிபுகளை நாம் எய்துகின்றோம். முதலாவது, பாதிரிமார் தமிழ்ப்பணியை நூற்பட்டியல் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. கற்ற காலத்தின் நீளமும் கற்ற முறையும் ஆராயப்படல் வேண்டும். இரண்டாவது, மட்டக்களப்பில் மாணாக்கர் மிக விரைவில் ஆசிரியராக்கப்பட்டார். ஆங்கிலப் பள்ளித் திட்டமே அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. மூன்றாவது, ஆயத்தமாய் இருந்த நூல்கள் கற்றலை எளிதாக்கின, கேட்டலை அரிதாக்கின.

மூன்றாம் முடிபு பாதிரிமாரோடு முடிவதன்று. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு வாவிக்கரையிலிருந்து வரும் மாணவர் தம் பேச்சை வாயிலிலே விட்டுவிட்டே உள்ளே நுழைகின்றனர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் சொல்லைத் திசைச்சொல் எனத் தழுவிக்கொண்ட தொல்காப்பிய மரபுக்கு உரியோர் நாம். நிகண்டிற் கண்ட சொல்லுக்குக் கொடுக்கும் மதிப்பைக் களத்திற் கேட்ட சொல்லுக்குக் கொடாதிருத்தல் அம்மரபுக்கு ஒவ்வாது.

செயற்பால இரண்டு உள. மெதடிஸ்த மிசனரிச் சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டனிற் கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரியிற் பேணப்படுகின்றன. மட்டக்களப்பிலிருந்து எழுதப்பட்டவற்றை, பிரசங்கங்களையும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் தேடுவோராக அன்றி, தமிழ் கற்பித்தவரின் பெயரைத் தேடுவோராக நாம் படித்தல் வேண்டும். முன்ஷி, பண்டிதர், வேலையாள் என்னும் பொதுப்பெயர்களின் பின்னே ஆள்கள் இருந்தனர். மற்றையது காலத்தோடு போட்டியிடும் பணி. அறுவடை இயந்திரம் களத்துக்கு வந்தபின் உப்பட்டியும் சூடும் கண்ணிற் படுவது அரிதாயிற்று. பொருள் மறையின் சொல்லும் மறையும். முப்பதாண்டுப் போரும் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் எழுவான்கரை, படுவான்கரை முதியோர் பலரை அவர்தம் சொற்களோடு கொண்டுபோயின. எஞ்சியோரிடம் கேட்டெழுதி வாவிப் பிரதேசச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தல் இன்றைய தலைமுறையின் கடன். அப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் முதல் நாளில் மாணாக்கராகவே செல்லுதல் வேண்டும். அவசரப்பட்டு ஆசிரியராகிவிடல் ஆகாது.